ரசீதுக்குள்ளே வெயில்

இருபத்திரண்டாயிரம் ரசீதுகளைக் குவித்து, அதற்குள்ளிருந்து சூரியனை வெளியே எடுத்தவன் நான். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

ஓய்வு பெறும்வரை ஒரு தனியார் கம்பெனியின் மென்பொருளை விற்றுக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தன் விற்பனை விவரத்தைக் கொடுத்தால், வியாபாரம் எங்கே ஏறுகிறது, எங்கே படுக்கிறது என்று அலசிப் படம் போட்டுக் காட்டும். உலகத்துக்கே விற்றேன், விற்க முடியாத ஒரே ஆள் என் மனைவியின் தம்பி. நாலு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான்.

“என் கடையைப் பத்தி எனக்குத் தெரியாததையா மாமா உங்க பொட்டி சொல்லப் போகுது?”

அவனுடைய மூன்றாவது கடையில் சாயங்கால வியாபாரம் மூன்று வருடமாகப் படுத்துக் கிடந்தது. பழியெல்லாம் அங்கே விற்பனையில் இருந்த அம்மா மேல். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணின் பவரைச் சொல்லிவிடுவார். அதனால் பவர் அக்கா. அவர் அந்த நேரத்தில் தூங்குகிறார் என்று முடிவுகட்டி, மாதக் கடைசியோடு வேலையை விட்டு நிறுத்தப் போவதாக மச்சான் சொன்னான்.

“அனுப்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை என் பொட்டியில போட்டுப் பாத்துடுடா. காசு வேண்டாம்.”

“அப்ப சரி.”

மறுநாள் மத்தியானம் மச்சானைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அந்தக் கடை மேஜையில் மடிக்கணினியை விரித்தேன். ஒவ்வொரு ரசீதும் ஒரு கறுப்புப் புள்ளி. குறுக்கே நாட்கள், நெடுக்கே நேரம். புள்ளிகள் பொழிந்து பொழிந்து திரையே கறுத்தது. நடுவில் மட்டும் புள்ளி விழாத ஒரு வெள்ளைப் பாதை. அது நேராகக்கூட இல்லை. குளிர்காலத்தில் மூன்றரைக்கு இறங்கி, கோடையில் ஐந்துக்கு ஏறி, மூன்று வருடமும் பாம்பாக நெளிந்து போனது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வழுக்கையிலேயே முடி குத்திட்டு நின்றது.

“தூங்குறவங்க சீசனுக்கு சீசன் நேரம் மாத்தியாடா தூங்குவாங்க?”

பவர் அக்கா எட்டிப் பார்த்தார். “ஐயே, இது வெயில் சார்! மூணு வருஷம் முன்னாடி எதிர்க் கட்டடத்துக்குக் கண்ணாடி போட்டாங்கல்ல, அதுல பட்டு நம்ம கடையில மூஞ்சி பாக்குற கண்ணாடியில வந்து அடிக்குது. கண்ணாடி வாங்க வர்றவங்க கண்ணாடியில மூஞ்சி தெரியாம ஓடிடுறாங்க. ஜன்னலுக்குத் திரை போடுங்கன்னு அப்பவே கேட்டேன். முதல்ல வியாபாரத்தைக் காட்டுங்கன்னீங்க.”

“வேலை போகுதுன்னா யாரும் கதை கட்டுவாங்க” என்றான் மச்சான்.

மழை நாட்களை மட்டும் பிரித்தெடுத்தேன். வெள்ளைப் பாதை மறைந்து, புள்ளிகள் நிறைந்து நின்றன. அவன் அப்போதும் நம்பவில்லை.

“படத்துப்படி இன்னைக்கு நாலு பன்னிரண்டு. ஒரு பிரேமை மாட்டிக்கிட்டு அந்தக் கண்ணாடி முன்னாடி நில்லு.”

நின்றான். நாலு பதினொன்றுக்கு, “உங்க சூரியன் லீவா மாமா?” என்றான்.

நாலு பன்னிரண்டு. எதிரே ஐந்தாம் மாடி ஜன்னல் ஒன்று பற்றிக்கொண்டது போல் ஆனது. வெளிச்சம் தெருவைத் தாண்டி, கடை ஜன்னல் வழியே வந்து, கண்ணாடியில் ஏறி வெடித்தது. நான் எண்ணினேன், பதினாலு சூரியன்! ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் இருக்கிற ஒன்று, மூன்று வருடமாக இந்தக் கடை ரசீதில் வந்து தினமும் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

கண்ணைப் பொத்திக்கொண்டே மச்சான், “அக்கா, திரைக்கு அளவு எடுங்க” என்றான்.

இதை நான் எங்கே சொன்னாலும், கேட்டவர்கள் உடனே “நிஜமா?” என்று அவன் பக்கம் திரும்புகிறார்கள். போன வாரமும் திரும்பினார்கள்.

“பதினாலெல்லாம் புளுகு, ஒண்ணுதான்” என்றான். பிறகு அவனே சொன்னான். “ஆனா நடந்தது நிஜம். ஒன்பது வருஷமா கூட இருந்தவங்களை அனுப்பத் துணிஞ்சிட்டு நான்தான் அங்க நின்னேன். என் மூஞ்சி எனக்கே தெரியல.”