கலவை அறைக்கு ஒரே ஆள்

வலி தணிப்புச் சிகிச்சையில் முதுநிலைப் பட்டயம் படிக்கிறேன், தொலைதூரக் கல்வியில். சனிக்கிழமை சாயங்காலம் போனில் வகுப்பு. கூடப் படிக்கிற டாக்டர்களும் நர்சுகளும் திரையில் தீப்பெட்டி லேபிள் அளவுக்குத் தெரிவார்கள். முடிந்ததும் கையாட்டிவிட்டு மறைந்துவிடுவார்கள். அப்புறம் விருதுநகர் வாடகை வீட்டில் நான் மட்டும்தான். கட்டினவன் வேறு குடும்பம் தேடிப் போய் வருஷங்கள் ஆகின்றன. அதற்கெல்லாம் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை இந்த அருணாதேவி. ஆனால் அந்தத் திரை கறுத்துப்போகிற நேரம் எனக்குப் பிடிப்பதே இல்லை.

"இப்போது உங்களை அதிகம் வாட்டுவது எது என்று நோயாளியிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக்கொடுத்தார் எங்கள் ஆசிரியர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நர்சாக நான் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நாரணாபுரத்தில் இதைக் கேட்டால் மருமகளில் ஆரம்பித்துக் குடிதண்ணீர்க் குழாயில் வந்து நிற்பார்கள்.

நாரணாபுரத்தில் என் நோயாளி வெள்ளைத்துரை. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கினவர். நுரையீரலில் புற்று, கடைசிக் கட்டம். மார்ஃபின் மாத்திரை கொடுத்து வலியை ஓரளவு அடக்கி வைத்திருந்தேன். ஆனால் அன்று மத்தியானம் நான் போனபோது கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவில் அவர், "போங்க, எல்லாரும் வெளிய போங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். மனைவி குருவம்மாள் கஞ்சியோடு கிட்டே போனதும் டம்ளரைத் தட்டிவிட்டார்.

"பாத்தீகளா நர்சம்மா? நாலஞ்சு நாளா இதே கூத்துதான். கடேசி நேரத்துல கையப் புடிச்சு உக்காரக்கூட விடமாட்டேங்காரு. அம்புட்டு வேண்டாதவளாவா போயிட்டேன்?"

"ஐயாவுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு. டாக்டர்ட்ட கேட்டுத் தூங்க ஊசி போட்டுருங்க" என்றான் மகன் பாண்டிராஜ்.

எனக்கும் அந்த நினைப்பு வராமல் இல்லை. ஊசி போட்டால் அவர் தூங்கிவிடுவார். அப்படியே போயும் விடலாம். கட்டினவர் கடைசியில் தன்னை வெறுத்துத்தான் போனார் என்று நினைத்தே குருவம்மாள் மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, பாடத்தில் படித்த கேள்வியைக் கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் பெரிய பாடாக இருந்தது.

"இம்புட்டுப் பேரு உள்ள நிக்கலாமா?" என்றார் கடைசியில்.

"எங்க உள்ள, ஐயா?"

"கலவ ரூமுலதான். நெஞ்செல்லாம் காந்துது தாயி. எப்ப வெடிக்கும்னு சொல்ல முடியாது. அவளத் தூரமாப் போகச் சொல்லு. புள்ளைகளையும் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

அவர் கம்பெனியில் மருந்து கலக்குகிற அறைக்குள் ஒரே ஆள்தான் நிற்கலாம். ஏதாவது ஆனால் அந்த ஒருவரோடு போகட்டும் என்பதுதான் கணக்கு. படுத்திருப்பது தன் வீடு என்பதை மறந்தவர் அந்த விதியை மறக்கவில்லை.

வெளியே வந்து குருவம்மாளிடம் சொன்னேன். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நானும் அங்கனதான் பாக்கெட் போட்டேன். சோறு குடுக்கக்கூட கிட்ட வரவிடமாட்டாரு. வேலிக்கு இங்கிட்டு நின்னுதான் கூப்புடுவேன்" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கி உட்கார்ந்தாள். "ஏங்க, கேக்குதா?"

"கேக்குது. அங்கனயே இரி."

நான் திரும்ப உள்ளே போனபோது அவர் முகம் தெளிந்திருந்தது. ஆட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா, மழை வருமா என்று சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று என்னைத் தூரத்தில் நிறுத்திவைக்க யார் இருக்கிறார்கள்?

இனி நமக்கு வேலை இல்லை என்று பையை எடுத்தேன். வெள்ளைத்துரை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இரு தாயி. ஒனக்குத்தான் ஆளு யாருமில்லைன்னு அவ சொன்னாளே. நீ நிக்கலாம்."

சுருக்கென்று கோபம் வந்தது. கையை உதறிவிட்டுப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் பயந்த மனுஷர், கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

வெளியிலிருந்து குருவம்மாள் கேட்டாள்: "ஏங்க, உள்ள யாரு இருக்கா?"

"யாருமில்ல. நான் மட்டுந்தான்" என்றார்.

என் கையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.