ஒரு மீட்டர் நாற்பத்தைந்து

கழுத்தில் பாதிரியார் மாதிரி வெள்ளைப் பட்டை மாட்டிய ஆளைச் சந்தைக்காரர்கள் சும்மா விடுவார்களா? டிசம்பர் முழுக்க எர்மோகெனெஸை ‘ஆயர்’ என்றே கூப்பிட்டார்கள். அவன் வெங்காயக் கடையைத் தாண்டும்போது ஆசி கொடுத்துவிட்டுப் போகச் சொல்வார்கள், தக்காளிக்காரி எழுந்து பயபக்தியோடு தலை குனிவாள். பதிலுக்கு நல்லதாக நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலிருக்கும் அவனுக்கு. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

ஆன்டிகுவா சந்தையில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவன் அவன். அங்கே சுமைக்காரர்கள் தோல்பட்டையை நெற்றியில் கொடுத்து, மூட்டையைக் கயிற்றால் முதுகில் தொங்கவிட்டு நடப்பார்கள். பாரம் முழுக்கக் கழுத்தில்தான் இறங்கும். ஐம்பத்தோரு வயதில் விரல்கள் மரத்துப்போய், சட்டைப் பொத்தான் போடவே பெண்டாட்டி ஒட்டிலியா வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். அக்டோபரில் தொண்டைப் பக்கமாகக் கீறி, கழுத்தெலும்புகளுக்கு நடுவே நைந்துபோன இரண்டு வட்டுகளை எடுத்துவிட்டு, எலும்புகளைத் தகடும் திருகாணியும் வைத்து இணைத்தார்கள்.

விரல்களில் உணர்ச்சி திரும்பியது. ஆனால் கண் விழித்தபோது குரல் இல்லை. தண்ணீர் குடித்தால் புரையேறியது. மூன்றாம் நாள் இடது கை தோளுக்கு மேல் எழும்ப மாட்டேன் என்றது. நரம்புகள் கோபித்துக்கொண்டிருக்கின்றன, ஆறு மாதத்தில் சரியாகலாம், ஒரு வருஷம் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். இதில் எது என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. ஒரு கெண்டித் தண்ணீருக்கு மேல் கனமான எதையும் இனி தூக்கக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

வீட்டில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கழுத்து இழுத்தது, படுத்தால் மூச்சு முட்டியது. காலையில் சந்தைக்குப் போவான், திரும்புவான், செருப்பைக் கழற்றுவதற்குள் மறுபடி கிளம்பிவிடுவான். சந்தை மூலையில் பூ விற்கும் ஒட்டிலியா, அவன் ஒரே நாளில் ஐந்தாவது தடவை எதிரே வருவதைப் பார்த்துவிட்டு ரோஜாத் தண்டை வெட்டிக்கொண்டே இருப்பாள்.

அவன் மனத்தை அரித்தது தவக்காலம். ஈஸ்டருக்கு முன்னால் வரும் அந்த நாற்பது நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிலுவை சுமக்கும் ஏசுவைப் பெரிய மரத்தேரில் நிறுத்தி, தெருவுக்குத் தெரு ஆள் மாற்றி, நூறு நூறு பேராகத் தோளில் சுமப்பார்கள். இருபத்தாறு வருஷம் ஒரு வருஷம்கூடத் தவறாமல் ஒரு தெரு தூரம் சுமந்திருக்கிறான் எர்மோ. மூட்டை போயிற்று, குரல் போயிற்று. இதுவும் போனால், தான் எதற்கு மிச்சம் என்று அவனுக்குப் புரியவில்லை. பயமாக இருந்தது.

ஒட்டிலியா அந்த எண்ணத்தை மோப்பம் பிடித்துவிட்டாள். சுவரில் இருந்த ஏசு படத்துக்கு முன்னால் நிறுத்தி, இந்த வருஷம் சுமக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். செய்தான். தன் காதுக்கே கேட்காத குரலில் செய்த சத்தியம் மேலே கேட்டிருக்குமா என்று பிறகு ஒரு வாரம் யோசித்து, கேட்டிருக்காது என்று தனக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான்.

பிப்ரவரியில் கழுத்துப் பட்டையைக் கழற்றியதும் அளவு கொடுக்கப் போய்விட்டான். தேர் சுமப்பவர்கள் எல்லோரும் முன்கூட்டியே சபைக் கூடத்தில் தோள் உயரம் அளந்துகொள்ள வேண்டும். உயரம் ஒத்தவர்களை ஒரே வரிசையில் நிறுத்தினால்தான் பாரம் சமமாக இறங்கும். அளவுகோலோடு நின்ற ஃபிடெலினோ பழைய கூட்டாளி. எர்மோவைச் சுவரோடு நிறுத்தி அளந்து, ஒரு மீட்டர் நாற்பத்தைந்து என்று அட்டையில் எழுதினான். போன வருஷம் முப்பத்தெட்டுதானே என்று எர்மோ சைகையில் கேட்டான்.

“உள்ள இரும்பு வெச்சிருக்காங்கல்ல அண்ணே, அது நிமித்திடுச்சு” என்றான் ஃபிடெலினோ, கண்ணைப் பார்க்காமல்.

எர்மோ அதை அப்படியே நம்பினான். இந்த வயதில் ஏழு சென்டிமீட்டர் வளர்ந்தவன் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? அன்றைக்கு வீடு வரைக்கும் ராணுவ அதிகாரி மாதிரி நடந்தான்.

தேர் கிளம்பும் ஞாயிறன்று, சுமப்பவர்கள் போடும் ஊதா அங்கியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஊர்வலம் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான். ஒட்டிலியா முதுகைக் காட்டிப் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். போய்விட்டு வா என்றாள். தப்பித்தோம் என்று நினைத்தான்.

வரிசையில் பழைய முகம் ஒன்றுகூட இல்லை. முன்னாலும் பின்னாலும் ஓங்கி வளர்ந்த வாலிபர்கள். மணி அடித்ததும் வலது தோளை மரத்துக்கு அடியில் கொடுத்து, பல்லைக் கடித்து, பாரம் இறங்கக் காத்திருந்தான்.

இறங்கவில்லை.

தேர் எழும்பி அசைந்து நகர்ந்தது, பக்கத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. அவன் தோள் மட்டும் காலியாக இருந்தது. வலது கையைத் தோளுக்கும் மரத்துக்கும் நடுவே நுழைத்தான். நாலு விரல் தாராளமாகப் போயிற்று. குதிகாலை உயர்த்தி எட்டினான். ஒரே ஒரு கணம் மரம் பட்டது. இடது கை நுனிவரை மின்சாரம் பாய்ந்து, கால் தானாகக் கீழே இறங்கிவிட்டது. பின்னால் சுமந்தவன் காதருகே சொன்னான்:

“சும்மா நடங்க, பெரியவரே. உங்க பங்கு எங்ககிட்ட இருக்கு.”

மூட்டைக்காரன் எர்மோவின் பாரத்தை எவனோ சுமக்கிறான். அவனுக்கு அவமானத்தில் உடம்பே கொதித்தது. விலகி ஓடிவிடலாம் என்று பார்த்தான், கால் வரவில்லை. மரத்தை அடியிலிருந்து உள்ளங்கையால் தொட்டபடி, அழுதுகொண்டே அந்தத் தெரு முழுக்க நடந்தான். நடைபாதையில் நின்ற பெண்கள் அதைப் பக்தி என்று எண்ணிச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

தெருமுனையில் ஒட்டிலியா சோளக் கஞ்சிக் குடுவையோடு நின்றாள். தண்ணீர்தான் புரையேறும், கெட்டியான கஞ்சி இறங்கும். அவளைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“எவ்வளவு ஏத்தச் சொன்ன?” என்றான் காற்றுக் குரலில்.

அவள் புரியாத மாதிரி நடிக்கவில்லை. “நாலு விரல். ஃபிடெலினோ மூணு போதும்னான். நாந்தான் நாலுன்னேன்.”

“ஊரே பாக்க என்னைப் பொம்மையாட்டம் நடக்க விட்டுட்டியேடி. இருபத்தாறு வருசம் சுமந்தவன் நான்.”

“போகாதேன்னா நீ நிக்கற ஆளா? ஆஸ்பத்திரில அஞ்சு மணி நேரம் உன்னை உள்ள வெச்சிருந்தாங்க. வெளிய நான் ஒத்தையா சுமந்துக்கிட்டு நின்னேன். எனக்கு யாரு வந்து நாலு விரல் ஏத்தி வெச்சா?”

அவன் கஞ்சியை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினான். வாயோரம் வழிந்ததை அவள் தோள்துணியால் துடைத்தாள். அவனுக்குப் பின்னால் தேர் அடுத்த தெருவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கழுத்து திரும்பாததால், உடம்பையே முழுக்கத் திருப்பி, அது மறைகிறவரை பார்த்தான்.

“அடுத்த வருசம் ரெண்டு விரல்னு சொல்லு” என்றான்.

“மூணரை” என்றாள் பூக்காரி. “அதுக்குக் கீழ இறங்க மாட்டேன்.”