மிளகுத் தோட்டத்துக்கு மஞ்சள் ஏற்றியது

சேர்வராயன் மலை உண்டான நாளிலிருந்து அதை உள்ளது உள்ளபடி படமெடுத்த ஒரே மனிதன் நாகலூர் விஜயகுமார்தான். இதை விஜயகுமாரே சொல்லியிருப்பதால் மேற்கொண்டு ஆதாரம் தேவையில்லை.

சேலத்தில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே போன் கையில் இருக்கும். இன்ஸ்டாகிராமில் ‘கலப்படமற்ற சேர்வராயன்’ என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறான். ஒவ்வொரு படத்தின் கீழும் ‘ஃபில்டர் இல்லை’ என்று எழுதுவான். தண்ணீர் கலக்கவில்லை என்று பால்காரர் சொல்லும் அதே தொனி. பின்தொடர்பவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். மீதிப்பேர் அதே சொந்தக்காரர்கள் பாஸ்வேர்டு மறந்து விட்டுப்போன பழைய கணக்குகள்.

அவன் தங்கை சசிகலா அதே மலைக்கு ஊதா வானம், ரோஸ் பனி, தீப்பிடித்தது போல் காப்பிச் செடி எல்லாம் வைத்துப் போடுவாள். லைக் ஆயிரக்கணக்கில் விழும்.

“இதெல்லாம் போட்டோவா? கோலப்பொடியக் கொட்டி வெச்ச மாதிரி இருக்குது” என்பான்.

“கோலம்னா நாலு பேரு நின்னு பாத்துட்டுப் போவாங்கண்ணா. உன் வாசல்ல யாரு நிக்கறா?”

“உண்மைக்குக் கூட்டம் சேராது சசி.”

“சித்தப்பாவே லைக் போடறதில்லீன்னா, அது நொம்பப் பெரிய உண்மையாத்தான் இருக்கோணும்.”

அந்த மழைக்காலத்தில் அவர்களுடைய மிளகுத் தோட்டத்தில் வாடல் நோய் விழுந்தது. சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த கொடிகள் மேட்டிலிருந்து மஞ்சளாகிக்கொண்டே சரிவில் இறங்கின. அம்மா கண்ணாயி தோட்டக்கலை அதிகாரியம்மாவுக்குப் போன் செய்தாள். சரிவு முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கள், எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்கிறேன் என்றார் அவர்.

சசிகலா தன் போனை எடுத்தாள். விஜயகுமார் கையைக் காட்டித் தடுத்தான்.

“இது வெளையாட்டில்ல. இதுக்கு உண்மை வேணும்.”

எதிரே இருந்த பாறைமேல் ஏறி நின்று எடுத்து, அப்படியே அனுப்பிவிட்டான். எடுத்ததைத் திருப்பிப் பார்க்கவில்லை. உண்மையைச் சரிபார்க்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது.

சாயங்காலம் கண்ணாயி போனை ஸ்பீக்கரில் போட்டு அதிகாரியைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க மேடம், படம் பாத்தீங்களா?”

“பாத்தேனுங்கம்மா. தளதளன்னு இருக்குது. இந்த மலையில இவ்வளவு பச்சையா ஒரு மிளகுத் தோட்டம் நான் பாத்ததே இல்லீங்க.”

“பச்சையா? எல்லாம் மஞ்சக்காமாலை வந்தாப்ல நிக்குதுங்களே!”

“நாளைக்குக் கரடியூர் வரைக்கும் வர்றேன். ஆனா உங்க தோட்டத்துக்கு வந்து என்னங்க பண்றது? பாராட்டிட்டுத்தான் போகணும். அடுத்த மாசம் பாக்கலாமுங்க.”

“அடுத்த மாசம் வந்தா வெறும் மரந்தானுங்க நிக்கும்.”

“அப்ப இருட்டறதுக்குள்ள வேற படம் அனுப்புங்க. பாத்துட்டுச் சொல்றேன்.”

கண்ணாயி போனை வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள். “ஏஞ்சாமி, யாரு தோட்டத்தப் புடிச்சு அனுப்புன?”

சசிகலா அண்ணனின் போனை வாங்கி கேமராவைத் திறந்தாள். திரையின் மூலையில் சின்னதாக ஓர் இலைச் சின்னம்.

“இது என்னன்னு தெரியுமாண்ணா? செடியக் கண்டா போனே பச்சை அடிச்சுக்கும். வானத்தக் கண்டா நீலம். வாங்குன நாள்லருந்து ஆன்லயேதான் இருக்குது.”

“வாங்குன நாள்லருந்தா?”

“உன் பக்கம் மொத்தமும் ஃபில்டருதான்.”

விஜயகுமார் அதை அணைத்துவிட்டு, வேறு படம் எடுக்க வெளியே போனான். சரிவைக் காணவில்லை. மூடுபனி இறங்கி, வேலிக்கு அப்பால் உலகம் முடிந்துபோயிருந்தது. உள்ளது உள்ளபடி எடுத்தான். வெள்ளையாக வந்தது.

வேலியோரக் கொடியிலிருந்து ஒரு மஞ்சள் இலையைக் கிள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

“சசி, அந்த ஆப் பேரு என்ன?”

“எந்த ஆப்?”

“அதான்... கோலப்பொடி.”

சசிகலா சிரிக்காமல் இறக்கிக் கொடுத்தாள். சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இலையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, காலையில் எடுத்த படத்தில் பச்சையைக் குறைத்தான், மஞ்சளை ஏற்றினான். மேட்டுக் கொடிகளுக்கு நிறைய, நடுச் சரிவுக்குப் பாதி. கண்ணாயி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, குழம்புக்கு உப்புப் பார்ப்பவளைப் போல எட்டிப் பார்த்தாள்.

“இன்னுங் கொஞ்சம் போடு சாமி. ஆங், போதும் போதும். கீழ்க்கோடி நல்லாத்தான் இருக்குது, அதுக்குப் போடாத.”

படம் போனது. வெளிச்சம் முழுக்கப் போவதற்குள் பதிலும் வந்தது: ‘காலையில் முதலில் உங்கள் தோட்டம்தான். மேட்டுக் கொடிகளை யாரும் தொட வேண்டாம்.’

கண்ணாயி பெருமூச்சு விட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். சசிகலாவும் எழுந்து போனாள்.

விஜயகுமார் அங்கேயே உட்கார்ந்திருந்தான். படத்தில் வானத்தின் நீலம் உறுத்தியது. காலையில் மேகமாகத்தான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. படமும் போய்ச் சேர்ந்துவிட்டது. கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நீலத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தான். பிறகு இன்னும் கொஞ்சம்.