என் பெயரைத் தேடினால் வருவது

என் பெயரைத் தேடுபொறியில் தட்டிப் பாருங்கள். சாம்பவி பொன்னம்பலம். முதலில் வருவது நான் படித்த பல்கலைக்கழகமும் இல்லை, வேலை செய்யும் நிறுவனமும் இல்லை. பாரிசுக்குப் பக்கத்துப் பொபினியில் எங்கள் வீட்டுக் குளியல் தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் முக்காலி. அதிலே பன்னிரண்டு வயது நான், ஈரச் சேலையோடு, தலையிலிருந்து பாலும் அறுகம்புல்லும் வழிய, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குந்தியிருக்கிறேன். பக்கத்தில் செம்பும் கையுமாக என் தாய்மாமன் கரிகாலன். படத்துக்கு மேலே என் முழுப்பெயர். அதற்குக் கீழே தமிழில் 'சாமத்தியவீடு', அதாவது நான் பெரியபிள்ளையான சடங்கு, பிறகு திகதி. மரி மார்த்தான் என்று பெயர் வைத்திருந்தால் ஆயிரம் மரிகளுக்குள் ஒளிந்துகொண்டிருப்பேன். இந்தப் பெயரில் உலகத்திலே நான் ஒருத்திதான் இருக்கிறேன் போல.

இதில் வயிறெரிகிற விஷயம் என்னவென்றால், என் தொழிலே இதுதான். கடைக்காரர்களின் இணையத்தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவது. பல் வைத்தியர், பூட்டுத் திறப்பவர், பாலாடைக்கட்டி விற்பவர் என்று எத்தனையோ பேரை நான் முதல் இடத்தில் ஏற்றி வைத்திருக்கிறேன். என்னுடைய ஒரேயொரு படத்தைக் கீழே இறக்க மட்டும் என்னால் முடியவில்லை.

போன வருடம் வரைக்கும் அதைப் பற்றி நான் யோசிக்காமலே காலத்தை ஓட்டினேன். எங்கள் முதலாளி அலெக்சாந்த்ருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. புதிதாக ஆட்கள் சேர்ந்தால் பெரிய திரைக்கு முன்னால் உட்கார வைத்து, ஒருவரின் பெயரைத் தேடிக் காட்டி அதிலிருந்து பாடம் தொடங்குவார். அன்றைக்கு அவர் கண்ணில் நான்தான் பட்டேன். "சாம்பவியை எடுப்போம், அவளுடைய பெயர் அபூர்வமானது" என்று சொல்லித் தட்டினார். சுவர் முழுக்க நான் பாலில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசை நீக்கிலாஸ், "தேவாலயத்தில் உன்னுடைய முதல் நன்மையா?" என்று கேட்டான். முருகன் படத்துக்கு விளக்கு வைக்கிற வீட்டில் வளர்ந்த நான், ஆம் என்றேன். எல்லாரும் அழகாக இருக்கிறது என்று சொன்னார்கள்.

தமிழ் எழுத்து அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. ஆனால் யாராவது அந்த எழுத்தை மொழிபெயர்ப்பில் போட்டால் போதும், எனக்கு முதன்முதலில் தீட்டு வந்த மாதத்தை முழு அலுவலகமும் தெரிந்துகொள்ளும். அதை நினைத்தால் எனக்குக் காது சுடும். நீக்கிலாஸ் போனை எடுக்கும்போதெல்லாம் அதைத்தான் தேடுகிறானோ என்று பார்க்கத் தொடங்கினேன். அடுத்த சனிக்கிழமையே பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்குப் போனேன்.

மாமாவின் ஸ்டூடியோ நகைக்கடைக்கும் போன் கடைக்கும் நடுவில் இருக்கிறது. முன்னுக்குப் படம் பிடிப்பு, பின்னுக்கு மணப்பெண் அலங்காரம். அலங்காரம் செய்வது என் அம்மா நாகேஸ்வரி. அப்பா இறந்த பிறகு மாமாதான் அம்மாவை வேலைக்குச் சேர்த்தார். வாடகை வீட்டுக்கும் வதிவிடக் கார்த் புதுப்பிக்கவும் நாங்கள் காட்டுகிற சம்பளத்துண்டு மாமா கொடுக்கிறதுதான்.

"மாமா, அந்தப் படங்களை வெப்சைற்றிலை இருந்து எடுத்துவிடுங்கோ" என்றேன்.

"எந்தப் படம் பிள்ளை?"

"என்ரை சாமத்தியவீட்டுப் படம்."

"அதுக்கென்ன குறை? கமெராவை ஸ்ராண்டிலை வைச்சு ரைமரிலை எடுத்தது, கன்னத்திலை விழுந்திருக்கிற லைற்றைப் பார். அந்தக் காலத்திலை இஞ்சை ஆர் அப்பிடி எடுத்தது?"

அம்மா வாயில் கொண்டை ஊசிகளைக் கவ்விக்கொண்டே, "வடிவாத்தானே இருக்கிறாய்" என்றார். அவர் அப்படித்தான் சொல்வார். யாராவது எனக்குச் சம்பந்தம் பேசி வந்தால் அம்மா அனுப்புகிறது அந்தப் பக்கத்தின் இணைப்பைத்தான். லண்டன், ரொறன்ரோ, சூரிச் என்று அது போகாத வீடில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொரு தடவை திறந்து பார்க்கும்போதும் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் பலம் பெறும். இருபத்தொன்பது வயதாகியும் அம்மாவுக்கு நான் அந்தப் படத்தில்தான் இருக்கிறேன்.

மாமா கணினியை என் பக்கம் திருப்பினார். "இஞ்சை பார். ஆக்கள் வந்து பாக்கிறது உன்ரை பக்கத்தை மட்டும்தான். இப்ப ஆர் றோட்டாலை நடந்து வந்து கடையைப் பாக்கினம்? எல்லாரும் போனிலைதான் தேடுகினம். ட்ரோன் வைச்சிருக்கிற பெடியள் முன்னுக்கு நிக்கிறாங்கள், நான் மூண்டாம் பக்கத்திலை கிடக்கிறன். உதையும் எடுத்துப்போட்டு நான் என்ன செய்யிறது? நீ உந்த வேலை படிச்சனீதானே. கடையை முதலாவதாக் கொண்டு வா. வந்த அண்டைக்கு எடுத்துவிடுறன்."

சட்டப்படி எடுக்க வைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தெரியும். கடிதம் எழுதலாம், முறைப்பாடு செய்யலாம். செய்தால் மாமாவுக்கு அறிவித்தல் போகும். என் தலையில் தண்ணீர் வார்த்த மனிதருக்கு நான் சட்டக் கடிதம் அனுப்பினேன் என்ற கதை அன்று பின்னேரத்துக்குள் லா சப்பல் முழுக்கப் பரவும். மறுநாள் அம்மா எந்த முகத்தோடு அந்தக் கடைக்குள் போவார்? அதனால் மாமா சொன்ன கணக்குக்கு ஓம் என்றேன்.

சனிக்கிழமைகள் எல்லாம் போயின. 'பாரிசில் தமிழ்க் கல்யாணப் படப்பிடிப்பு' என்று பிரெஞ்சில் தேடுகிறவர்களுக்குத் தனிப் பக்கம் எழுதினேன். பாறாங்கல் பாரமாக இருந்த படங்களைச் சுருக்கி, போனில் உடனே திறக்க வைத்தேன். கடை திறக்கும் நேரத்தையும் விலாசத்தையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் திருத்தினேன். கல்யாணம் முடிந்த பெண்களுக்கெல்லாம் போன் போட்டு, இரண்டு வரி பாராட்டு எழுதுங்கோ என்று கெஞ்சினேன். மண்டபக்காரர்களின் தளங்களில் மாமாவின் பெயரைப் போடச் செய்தேன். கடை மெல்ல மெல்ல மேலே வந்தது.

கூடவே நானும் மேலே வந்தேன். அதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். சாப்பாட்டுக் கரியரைப் பிடியில் பிடித்துத் தூக்கினால் அடித்தட்டும் சேர்ந்துதானே எழும்பும். முன்பு என் பெயரைத் தட்டினால்தான் நான் வருவேன். இப்போது சாமத்தியவீடு என்று யார் எங்கேயிருந்து தேடினாலும் நான் வந்தேன். என்னைத் தெரியாத, நான் ஒருநாளும் காணப்போகாத ஆட்களுக்கெல்லாம் வந்தேன். நானே குழி வெட்டி, நானே இறங்கி நின்று, இன்னும் ஆழம் காணாது என்று வெட்டிக்கொண்டிருந்தேன். என்ன மூளை எனக்கு.

கடை முதலாவதாக வந்த அன்று மாமா எல்லாருக்கும் வடையும் தேத்தண்ணியும் வாங்கித் தந்தார். நான் வடையைத் தொடவில்லை.

"இப்ப எடுங்கோ மாமா."

"எடுக்கலாம். ஆனால் கூட ஆக்கள் வாற பக்கத்திலை கை வைக்கக்கூடாது, வைச்சால் முழுக் கடையும் இறங்கும் எண்டு நீதானே சொன்னனீ."

சொன்னது நான்தான். அவர் பழைய விலைப் பக்கத்தை அழிக்கப் போனபோது பெரிய கெட்டிக்காரி மாதிரிப் பாடம் எடுத்திருந்தேன்.

மாமா கெட்டவரில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "இஞ்சை பார் பிள்ளை, எனக்கு ஆற்றையெண்டாலும் ஒரு பக்கம் மேலை நிக்கோணும். வாற சனி செவ்ரானிலை இருந்து ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகினம், யசோதினி எண்டு. தாய், பிள்ளையின்ரை பேரோடை போடச் சொல்லிப்போட்டா. அதுக்கு நல்ல பக்கமா ஒண்டு எழுது. அதை உன்ரை இடத்துக்குக் கொண்டு வா. பிறகு உன்ரையை நானே என்ரை கையாலை அழிக்கிறன்."

அந்தக் கிழமை முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். பிறகு சனிக்கிழமை வந்தது.

யசோதினியை அம்மா கதிரையில் இருத்தி நெற்றிச்சுட்டி கட்டிக்கொண்டிருந்தார். அவளின் தாய்க்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. "கனடாவிலை இருக்கிற ஆக்களும் பாக்கோணும் அண்ணை, முழுப்பேரையும் போடுங்கோ" என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டே அல்பத்துக்கு மட்டை தெரிவு செய்ய முன்பக்கம் போனார். அம்மா பூ எடுக்க எழும்பினார். பிள்ளை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தக் குளியல் தொட்டியில் இருப்பது நீங்கள்தானே?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நான் பள்ளிக்குப் போகாமல் நின்றபோது, ஏன் வரவில்லை என்று வகுப்பில் தேடிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தமிழ்ப் பிள்ளைதான் என்ன என்று தேட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். உங்கள் படம்தான் வந்தது. எல்லாருடைய போனிலும் இருக்கிறது." கண்ணாடியில் தன் நெற்றிச்சுட்டியைப் பார்த்துவிட்டு, "இனி என்னுடையது வருமா? பெயரோடு வருமா?" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் இரக்கம் வரவில்லை. இவளுடையது வந்தால் என்னுடையது போகும் என்பதுதான் முதலில் வந்தது. எழும்பிப் போய்க் கணினிக்கு முன்னால் இருந்தேன். தலைப்பில் அவளின் பெயரை எழுதினேன். தகப்பனின் பெயரைச் சேர்த்தேன். செவ்ரான் என்று போட்டேன். நல்ல தலைப்பு அது, நிச்சயமாக மேலே வரும். ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது.

கை போகவில்லை. நான் வெட்கப்பட்டுக்கொண்டு திரிந்த அலுவலகத்தில் எல்லாரும் வளர்ந்தவர்கள், மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். இந்தப் பிள்ளை திங்கட்கிழமை காலையில் முப்பது பேர் இருக்கிற வகுப்புக்குள் போக வேண்டும். எழுதியதை அழித்தேன்.

"மாமா, இந்தப் பிள்ளையின்ரை போடேல்லை."

"அப்ப உன்ரை நிக்கும்."

"நிக்கட்டும்."

"பிறகு எடுங்கோ எண்டு வந்து நிக்கக்கூடாது."

"வரமாட்டன். ஆனால் வேறை ஒரு பிள்ளையின்ரையும் போடக்கூடாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. உன்ரை முதலாவதா நிக்கிற வரைக்கும் எனக்கு வேறை ஒண்டும் தேவையில்லை. இறங்கினால் மற்றப் பிள்ளையளின்ரையைப் போடுவன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

யசோதினியின் தாய்க்கு முகம் விழுந்துவிட்டது. பெரிய அல்பமாகத் தருகிறேன் என்று மாமா சமாளித்தார். மெத்ரோவில் திரும்பி வரும்போது அம்மா என் கையைத் தட்டி, "ஏனடி அந்தப் பிள்ளையின்ரையைப் போடேல்லை? உன்ரையை அடிச்சுப்போடும் எண்டு பயமோ?" என்று கேட்டார். அவருடைய குரலில் ஒரு பெருமை இருந்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

அன்றிலிருந்து என் சனிக்கிழமைகள் என் படத்தை மேலே வைத்திருக்கத்தான் போகின்றன. பற்றுக் கழன்ற இணைப்புகளைத் திருத்துகிறேன். சடங்கைப் பற்றி விளக்கம் எழுதிச் சேர்க்கிறேன். அம்மா புதிதாக யாருக்கும் இணைப்பை அனுப்பினால் இப்போது நான் மறுப்பதில்லை. நாலு பேர் கூடப் பார்க்கட்டும்.

போன மாதம் லண்டனில் ஒரு ஸ்டூடியோ பெரிதாக ஒரு பக்கம் திறந்தது. மாமா போன் எடுத்தார். "பிள்ளை, இறங்கிட்டாய். வாற கிழமை லா குர்னேவிலை ஒரு சாமத்தியவீடு இருக்கு, என்ன செய்யிறது?" பொறுங்கோ மாமா என்றேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், அலுவலகத்தில் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். தேடலுக்குப் புதுப் படம் பிடிக்கும், பிரெஞ்சு எழுத்து இன்னும் பிடிக்கும். மாமாவிடமிருந்த பழைய படங்களை அனுப்பச் சொல்லி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பெண்கள் சுற்றி நின்று துவாயால் என்னைப் போர்த்த, நான் வாயைக் கோணி அழுகிற படம் ஒன்று இருந்தது. இதுவரை யாரும் காணாத படம். அதைத் தெரிந்தெடுத்தேன். மேலே என் முழுப்பெயரை எழுதினேன். கீழே இது என்ன சடங்கு, எந்த வயதில், எதற்காக என்று நீக்கிலாசுக்கும் அலெக்சாந்த்ருக்கும் விளங்குகிற நல்ல பிரெஞ்சில் எழுதிப் பதிவேற்றினேன்.

ஒரு கிழமைக்குள் நான் மறுபடி முதலாவதாக வந்துவிட்டேன். மாமா போன் எடுத்து, கெட்டிக்காரி என்றார்.