இரைச்சல் போன இடம்

எனக்குக் கரண்ட் என்றால் பயம். மிக்ஸி ஸ்விட்சைக்கூட விரல் நுனியால் தட்டிவிட்டு ஒரு அடி பின்னால் போய் நிற்பேன். "இவளுக்குக் கரண்டும் பயம், கரண்ட் பில்லும் பயம்" என்று என் வீட்டுக்காரர் ஹரிஷ் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவருடைய அம்மா மலர்கொடி அத்தை எனக்கு நேர்மாறு. தரங்கம்பாடிப் பக்கம் கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவர். ஃபியூஸ் போனால் ஸ்டூலைப் போட்டு அவரே ஏறிவிடுவார். நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கும்பிடுவேன்.

இப்படிப்பட்டவள் நாள் முழுக்க ஒயர்களுக்கு நடுவே உட்காரும்படி ஆனது கிட்டாரால்தான். கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மியூசிக் டீச்சர் நான். வீடு திருவிடைமருதூரில், வயலை ஒட்டின கடைசித் தெரு. என்னிடம் ஒரு கிட்டார் ப்ராசஸர் இருக்கிறது. காலால் அழுத்தினால் கிட்டார் சத்தத்தை மாற்றிக் கொடுக்கும், மேடைக்கான பெட்டி. அதை யூ.எஸ்.பி. ஒயரால் லேப்டாப்பில் சொருகினால் ரெக்கார்டிங்குக்கும் அதுவே போதும், தனியாக இன்டர்ஃபேஸ் என்கிற பெட்டி வாங்க வேண்டாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். சொருகினேன். கிட்டார் நேரே லேப்டாப்பில் பதிவானது. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

உண்மையிலேயே தரையில் நிற்கவில்லை. ஈரத் தரையில் காலை வைத்துக்கொண்டு கிட்டாரைத் தொட்டபோது ஒரு தடவை விரலில் சுருக்கென்றது. ஹரிஷிடம் சொன்னேன். "உனக்கு வாழைப்பழத் தோலத் தொட்டாலும் ஷாக் அடிக்கும்" என்றார். அவர் சொல்வதும் சரிதான் என்று நினைத்து, காலுக்கடியில் சாப்பாட்டுக்கு உட்காரும் மர மணையைப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு சுருக்கென்பது இல்லை.

ஆனால் இரைச்சல் இருந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு வந்த இரைச்சல். வண்டு ஒன்று டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று விடாமல் கேட்கும். சென்னையில் இருக்கும் என் காலேஜ் சிநேகிதி அம்ருதா ஒரு குறும்படம் எடுத்திருந்தாள். அதற்குப் பின்னணியாக கிட்டார் மட்டும் வேண்டும் என்று என்னைக் கேட்டாள். பள்ளி ஆண்டுவிழாவைத் தாண்டி என்னை நம்பி ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசே இல்லை. எத்தனையோ டேக் வாசித்து அனுப்பினேன்.

அம்ருதா போன் செய்தாள். "வாசிப்பு நல்லாருக்குடி. இரைச்சல்தான் தாங்கல."

"ப்ராசஸர்ல இரைச்சல அமுக்கற நாய்ஸ் கேட் இருக்கு. அதப் போட்டு அனுப்பவா?"

"போட்டுத்தானே போன வாரம் அனுப்புன? ஒவ்வொரு சுரமும் முடியறதுக்கு முன்னாடி கழுத்தப் புடிச்சு நெரிச்ச மாதிரி நிக்குது. வேணாம். ஆனா ஒண்ணு, நேத்து அனுப்புனதுல நடுவுல கொஞ்ச நேரம் சுத்தமா இருக்கு. அங்க என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலயே."

"என்னமோ பண்ணிருக்க. அதயே பண்ணு."

போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. லேப்டாப் திரையில் இரைச்சல் ஒரு தடித்த பட்டையாகத் தெரிந்தது. ஓரிடத்தில் பட்டை சட்டென்று ஒல்லியாகி, கொஞ்ச தூரம் அப்படியே போய், மறுபடி தடித்தது. பழைய பதிவுகளைத் திறந்தேன். அவற்றிலும் அங்கங்கே ஒல்லியான இடங்கள். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன், டியூப் லைட்டை அணைத்தேன், பக்கத்து அறையில் ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. சார்ஜரைப் பிடுங்கலாம் என்றால் என் லேப்டாப்பின் பேட்டரி செத்துப்போய் வெகு காலம் ஆகிறது. சார்ஜர் இல்லாமல் அது கண்ணே திறக்காது.

அத்தை அப்போது வலது கை விறுவிறுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் கூட்டிப் போனோம். நரம்புத் தளர்ச்சியாக இருக்கும் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான்தான் வேளாவேளைக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அரையாண்டு லீவு விட்டிருந்தது. ஹரிஷ் வேலைக்குப் போய்விட்டார். காலையிலிருந்து தூறல். நான் ஜன்னலோரம் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தேன், கால் மணைமேல். அந்த ஜன்னலிலிருந்து கொல்லைப்பக்கம் முழுக்கத் தெரியும். சிமெண்ட் தொட்டிக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் நின்றது. பழைய போர்வெல்லுக்கு இறக்கியிருந்த இரும்புக் குழாய் அது. போன வருஷம் புது போர் போட்டு பிளாஸ்டிக் பைப் இறக்கினபோது பழையதை அறுத்து, இந்தத் துண்டைக் குழாய் மாட்ட மட்டும் சிமெண்டில் நட்டுவிட்டார்கள்.

அத்தை மீன் சட்டியோடு வந்தார். வாசலில் சங்கரா வந்திருந்தது. செதிலை உரசிவிட்டு, கல்லுப்பைப் போட்டுக் கசக்கி, அலசுவதற்காக இடது கையில் சட்டியை இடுக்கிக்கொண்டு வலது கையால் குழாயைத் திறந்தார்.

ஹெட்போனில் வண்டு அடங்கியது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தை கையை எடுத்து மீனைக் கிளறினார். வண்டு வந்தது. மறுபடி குழாயில் கை வைத்தார். அடங்கியது. எடுத்தார், வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன், விஷயம் இவ்வளவுதானா. அத்தை குழாயைத் தொட்டால் எர்த் நன்றாகக் கிடைக்கிறது போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வார்த்தையைச் சொன்னேனே தவிர, அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

"அத்தே" என்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். "அந்தக் கொழாய விடாதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே புடிச்சுக்கிட்டு இருங்க."

"எதுக்குடி?"

"நீங்க அதத் தொட்டா என் மெஷின்ல சத்தம் போயிடுது. ஒரே ஒரு தடவ வாசிச்சு முடிச்சுடறேன்."

"நல்ல கூத்தா இருக்கே" என்று அத்தை சிரித்தார். சட்டியைக் கீழே வைத்துவிட்டு, உப்புக் கையாலேயே குழாயின் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். போட்டோவுக்கு நிற்பது மாதிரி நிமிர்ந்துகொண்டார். "ம், வாசி."

வாசித்தேன். மழைக்குப் பிறகு இரைச்சல் இல்லாமல் என் கிட்டாரை நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். ஒவ்வொரு சுரமும் தானாக மெலிந்து முடிந்தது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க முடியாது. அந்தச் சந்தோஷத்தில் அத்தைக்கு ஒரு ஜாடை காட்ட ஜன்னல் பக்கம் சாய்ந்தேன். ஒரு கால் மணையிலிருந்து நழுவி, காலையில் துடைத்த தரையில் பட்டது.

விரலில் சுருக்கென்றது. அதே நொடியில், மிச்சமிருந்த கொஞ்ச இரைச்சலும் குறைந்தது.

காலைத் தூக்கினேன். விரலில் சுருக் நின்றது, இரைச்சல் லேசாக ஏறியது. அப்போது எனக்கு விளங்கிவிட்டது. என் கால் தரையைத் தொட்டால் குறைகிறது, அத்தை குழாயைத் தொட்டால் குறைகிறது. என் விரலில் எது போனதோ அதுதான் அத்தையின் கைக்குள்ளும் போகிறது. அவர் கை விறுவிறுத்தது நரம்பால் இல்லை. அவர் வெறுங்காலோடு தண்ணீரில் நிற்கிறார்.

"அத்தே, கைய எடுங்க" என்று கத்தினேன்.

அத்தை என்னைப் பார்த்தார். கை வரவில்லை. வாய் கோணியது, சத்தம் வரவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடிக்கப் போய், பாதியிலேயே அதுவும் நின்றுவிட்டது.

ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுக்கத்தான் உடம்பு எழுந்தது. தொட்டால் நானும் ஒட்டிக்கொள்வேன், அப்புறம் மெயினை அணைக்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. மெயின் ஸ்விட்ச் வாசல் அறையில் இருக்கிறது, அத்தைக்கு நேர் எதிர்ப் பக்கம். அத்தைக்கு முதுகைக் காட்டி ஓட வேண்டும். அந்த ஓட்டத்தைப் போல ஒரு பயத்தை நான் பட்டதில்லை. கிட்டாரைக் கீழே போட்டுவிட்டு, காலடியில் கிடந்த மணையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மெயின் இருப்பதும் இரும்புப் பெட்டியில். அதுவும் அதே எர்த்தில் மாட்டியதுதானே, தொட்டால் என்னையும் பிடித்துக்கொள்ளுமோ என்று கை பின்வாங்கியது. மணையை இரண்டு கையாலும் ஓங்கி, கைப்பிடி மேல் இறக்கினேன். முதல் அடி சுவரில் பட்டது. அடுத்ததில் கைப்பிடி கீழே இறங்கியது.

ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. வீட்டில் தூறல் சத்தம் மட்டும் கேட்டது. கொல்லைப்பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் அங்கே போகவே பயந்தேன். போகாமல் இருக்கவும் பயந்தேன். "அத்தே, அத்தே" என்று அழுதுகொண்டே சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன்.

அத்தை குழாயடியில் உட்கார்ந்திருந்தார், தொட்டியில் முதுகைச் சாய்த்து. மடி முழுக்க மீன் தண்ணீர். கண் திறந்திருந்தது. நான் போய் தோளைத் தொட்டதும் அந்தக் கண் மெதுவாக என் பக்கம் திரும்பியது. உதடு நீலமாக இருந்தது. அவர் மூச்சு விட்ட பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவருடைய வலது கையை விடவில்லை. உள்ளங்கையில் குழாயின் மரை வெள்ளையாகப் பதிந்திருந்தது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ராத்திரி வைத்திருந்து பார்த்துவிட்டு மறுநாள் அனுப்பினார்கள். இதயத்துக்கு ஒன்றும் இல்லை, தப்பித்தது பெரிய விஷயம் என்றார்கள்.

நாங்கள் வருவதற்குள் எலெக்ட்ரீஷியன் ரெத்தினத்தை ஹரிஷ் கூட்டி வந்திருந்தார். மோட்டாருக்குப் போகிற ஒயரை ரெத்தினம்தான் போன வருஷம் அந்த இரும்புக் குழாயோடு சேர்த்து டேப் சுற்றிக் கட்டியிருந்தார். மழையில் ஒயர் தோல் விட்டு, கரண்ட் குழாயில் கசிந்திருக்கிறது. வீட்டு எர்த் ஒயரும் அதே குழாயில்தான் கட்டியிருந்தது, அது வழியாகத்தான் கரண்ட் என் கிட்டார்க் கம்பி வரை வந்திருக்கிறது.

"எர்த்துன்னா பூமிக்குள்ள ஆழமா போவணும்ல, அண்ணே?" என்று ஹரிஷ் கேட்டார். அவர் குரலில் கிண்டல் சுத்தமாக இல்லை.

"பழைய போர் பைப்பு முப்பதடி போச்சுங்க. அதனாலதான் ஆரம்பத்துலேர்ந்து அதுல கட்டியிருந்தது. போர் மாத்துறப்ப பைப்ப அறுத்துட்டாங்கன்னு தெரியும். நம்ம ஊரு மண்ணு ஈர மண்ணுதானே, துண்டே போதும்னு விட்டுட்டேன்." ரெத்தினம் தலையைத் தூக்கவில்லை. "அது சிமெண்டுலதான் நிக்குது. மண்ணத் தொடவேயில்ல."

அப்படியென்றால் எங்கள் வீட்டுக்கு எர்த்தே இல்லை. ஃப்ரிட்ஜ், கிரைண்டர், லேப்டாப், ப்ராசஸர், கிட்டார்க் கம்பி எல்லாம் போய்ச் சேர்ந்தது அந்தக் குழாயில். அந்தக் குழாயிலிருந்து பூமிக்குப் போக வழி, அத்தை வந்து கை வைக்கும்போது மட்டும்தான் இருந்தது. நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். ஹரிஷ் பக்கத்தில் வந்து, "உன்ன இத்தன நாளா கிண்டல் பண்ணிட்டேன்" என்றார்.

ரெத்தினம் அந்த ஒயர்களை அவிழ்த்துவிட்டு, மண்ணில் புதிதாக எர்த் இறக்கி, சோதனை விளக்கைக் காட்டிய பிறகுதான் மெயினைப் போடவிட்டேன். லேப்டாப் உயிர் பெற்றது. முடியாமல் நின்ற பதிவு ஒன்று இருக்கிறது, மீட்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தப் போனேன். அத்தை கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுதானா நேத்து வாசிச்சது?"

"ஆமா அத்தே."

"போடு. நான் புடிச்ச பாட்டு, நானும் கேக்கணும்ல."

"வேணாம் அத்தே."

"போடுடி."

ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டேன். திரையில் நான் பார்த்தேன். தடித்த பட்டை, சட்டென்று ஒல்லி. போகப்போக இன்னும் ஒல்லி. அவர் பிடி இறுக இறுக அது மெலிந்துகொண்டே போயிருந்தது. பழைய பதிவுகளில் இருந்த ஒல்லியான இடங்களெல்லாம் நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றும் அவர் பாத்திரம் அலம்பின நேரம், அரிசி களைந்த நேரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்து மாத்திரை கொடுத்திருக்கிறேன்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினார்.

"நல்லாத்தான் இருக்கு. அந்தச் சத்தம் சத்தம்னியே, அது எங்கடி போச்சு?"

நான் அவருடைய வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இதுக்குள்ளதான் போச்சு அத்தே" என்றேன்.