பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு 4K

கம்ப்யூட்டர் கடைக்குள்ள சின்னவ நுழைஞ்சப்போ அவ கையில லிஸ்ட் எல்லாம் இல்ல. அட்டையில செஞ்ச ஒரு பெட்டிதான் இருந்துச்சு. முப்பது சென்டிமீட்டர் நீளம், பதினாலு அகலம், ஆறு தடிமன். 4K திரையில கேம் ஆட அவ வாங்கப்போற கிராஃபிக்ஸ் கார்டோட அச்சு அசல் உடம்பு. ஷூ டப்பாவ வெட்டி டேப் சுத்தி அவளே செஞ்சது. மத்ததெல்லாம் தலைக்குள்ள. ஆறு மாசமா இதே பொழப்பு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எந்த போர்டுக்கு எந்த மெமரின்னு ஒப்பிப்பா.

பின்னாடியே அவ அக்கா, பெரியவ. கூடமாட ஒத்தாசைக்கெல்லாம் வரல, காவலுக்கு வந்திருந்தா. ரெண்டு பேருக்கும் ஒரே ரூமு. கம்ப்யூட்டர் பெட்டிய வெக்க அங்க மிச்சம் இருந்தது பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருபத்திமூணு சென்டிமீட்டர் சந்து மட்டும்தான். அந்தச் சந்து மேல பெரியவளுக்கும் ஒரு கண்ணு, துணி மாட்டுற ஸ்டாண்டு ஒண்ணு சொல்லி வெச்சிருந்தா. சந்துக்குள்ள போற மாதிரி பெட்டி இன்னைக்கு அமைஞ்சா இடம் தங்கச்சிக்கு, இல்லைன்னா நாளைக்கே ஸ்டாண்டு வந்து எறங்கும். அம்மாவ சாட்சிக்கு வெச்சு பேசி முடிச்ச ஒப்பந்தம்.

அட்டைப் பெட்டியப் பாத்துட்டு கடைக்காரர், யாருக்கும்மா பொறந்தநாளுன்னு கேட்டாரு. அளவு சட்டை குடுத்து தைக்கச் சொல்றோம்லண்ணா, அந்த மாதிரின்னு சின்னவ அசராம சொன்னா. இருபத்தோரு சென்டிமீட்டர் அகலத்துல ஒல்லியா ஒரு கேபினட்ட, அதான் கம்ப்யூட்டர் பெட்டிய, எடுத்து வெச்சாரு. அவ அட்டைய உள்ள சொருகினா. சும்மா கிண்ணுனு உக்காந்துச்சு.

அப்புறம் அவள பிடிக்க முடியல. கடையிலயே பெரிய பிராசசர், அது சூட்டைத் தணிக்க தண்ணி ஓடுற கூலர், அதோட ரேடியேட்டர் கேபினட்டோட முன்பக்கத்துல. காலேஜ் குரூப்புல ஒரு வாரமா இதையேதான் தம்பட்டம் அடிச்சிருந்தா. கடைக்காரர் எழுத எழுத பெரியவ முகம் தொங்கிக்கிட்டே வந்துச்சு. கடைசியில சும்மா இருக்க மாட்டாம அட்டைய எட்டிப் பாத்தா.

"ஏன்டி, இதுக்கு கரண்டு எங்கேருந்து போகும்?"

"பக்கவாட்டுலக்கா. இந்த ஓரத்துல வயரு..."

சொல்லிக்கிட்டே வந்தவ நின்னுட்டா. கடைக்காரர் ஒரு பவர் கேபிள எடுத்து, அட்டையோட ஓரத்துல பிளக்க வெச்சு, வயர வளைச்சு, கேபினட்டோட கண்ணாடிக் கதவ மூடிப் பாத்தாரு. ஒரு விரக்கடை மூடல. மில்லிமீட்டர் கணக்கா அளந்தவ, கார்டுக்கு வயரு இருக்கும்ங்கிறதையே மறந்திருந்தா.

அகலமான கேபினட் தரட்டுமான்னு அவர் கேட்டாரு. தாராளமா குடுங்கண்ணான்னு பெரியவ முந்திக்கிட்டா. அப்போ சின்ன கார்டா பாக்கலாம்னாரு. அதுக்கு சின்னவளுக்கு சுர்ருனு ஏறிடுச்சு. 4Kன்னா சாதா திரைய விட நாலு மடங்கு புள்ளிண்ணா, அத்தனை புள்ளியையும் வரையறது கார்டுதான், பிராசசர் இல்ல, கார்டுல கை வெக்காதீங்கன்னு படபடன்னு பொரிஞ்சு தள்ளினா.

சொன்னது அவ காதுலயே விழுந்துச்சு. வரையறது கார்டுன்னா, அப்புறம் எதுக்கு அவ்ளோ பெரிய பிராசசர்?

"அண்ணா, இதே சிப்பு வேற கம்பெனி கார்டுல, அகலம் கம்மியா இருக்குமா?"

"இருக்கும்மா. ஆனா நீளம் முப்பத்திமூணு. முன்னாடி ரேடியேட்டர் இடிக்கும்."

"ரேடியேட்டர் வேணாம். பிராசசர நடுத்தரமா போடுங்க, சின்ன ஃபேன் கூலரே அதுக்குப் போதும்."

இனி குரூப்புல மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சுக்குவன்னு பெரியவ கிண்டினா. விளையாடப் போறது நான், குரூப் இல்லன்னு சின்னவ திரும்பிக்கூடப் பாக்கல.

கடைக்காரர் அந்த வேற கம்பெனி கார்டோட பெட்டியப் பிரிச்சு நிஜக் கார்டையே மாட்டினாரு. இந்தத் தடவை வயரையும் சேத்து. மூடிப் பாக்குற வேலைய பெரியவளே வாங்கிக்கிட்டா, தங்கச்சிய நம்பி விட மனசில்ல. கண்ணாடிய மெதுவா தள்ளினா. வயரு லேசா நெளிஞ்சு வழி விட்டுச்சு. கதவு சத்தமே இல்லாம போய் ஒட்டிக்கிச்சு. தெறந்து இன்னொரு தடவை மூடினா. அப்பவும் ஒட்டிக்கிச்சு.

பெரியவ ஓரமா போய் ஸ்டாண்டு சொல்லி வெச்ச கடைக்கு போன் போட்டு அது வேணாம்னுட்டு, ரூம் கதவுக்குப் பின்னாடி துணி மாட்ட அடிக்கிற கொக்கி இருக்கான்னு விசாரிச்சா. சின்னவ அதுக்குள்ள மெமரி அடுக்கியிருந்த அலமாரிப் பக்கம் போயிருந்தா.