பூரி புல் தின்னவில்லை

எங்கள் வீட்டுக்குள் அலம்பாமல் வருவது காற்று ஒன்றுதான். அதுவும் எப்படி அலம்புவது என்று என் கணவர் பத்ரிக்குத் தெரியாததால் தப்பித்தது. பால் பாக்கெட்டுக்குக் குளியல், காய்கறிக்கு மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீர், கூரியரில் வரும் டப்பாவுக்கு ஈரத்துணி. கொரோனா வந்தபோது ஊரே இதையெல்லாம் கற்றுக்கொண்டது. அவர் பிறவியிலேயே தேர்ச்சி பெற்றவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கும் அது தொற்றிக்கொண்டுவிட்டது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் பூரி வந்து சேர்ந்தது. இரண்டாவது படிக்கும் எங்கள் பெண் ஸ்ம்ருதிக்காக, தாம்பரம் சானடோரியத்தில் ஒரு கடையில் வாங்கிய முயல் குட்டி. வெள்ளையாக, உப்பலாக இருந்ததால் அந்தப் பெயர். "வீடெல்லாம் புழுக்கை போடும். பெருக்கறது யாரு? நான்தானே?" என்று வந்த அன்றைக்கே சண்டை போட்டேன். என் சண்டையை இந்த வீட்டில் யார் மதித்தார்கள்?

கேட்ட போதெல்லாம் காரட் கொடுத்ததில் பூரிக்கு வயிறு கெட்டது. மிருக வைத்தியர் ஜோவிதா கறாராகச் சொல்லிவிட்டார். "குட்டி முயலுக்குக் காய்ஞ்ச புல்லுதாங்க சாதம். மத்ததெல்லாம் ஊறுகா மாதிரி. புல்லு தின்னலைன்னா உயிருக்கே ஆபத்து. விளையாட்டு இல்ல."

கடையிலிருந்து பாக்கெட் பாக்கெட்டாகக் காய்ந்த புல் வந்தது. பத்ரி அதை மஞ்சள் தண்ணீரில் ஊற வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து வடாம் மாதிரிப் பரப்பினார். யார் யார் கை பட்ட புல்லோ என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. காய்ந்ததை எவர்சில்வர் தட்டில் வைத்தோம். பூரி மோந்து பார்த்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

கெஞ்சிப் பார்த்தோம். ஸ்ம்ருதி தட்டின் முன்னால் குப்புறப் படுத்து, ஒரு புல்லைத் தானே மென்று காட்டி, முகத்தைச் சுளித்தாள். பத்ரியோ, சரியாகச் சுத்தமாகவில்லை போலிருக்கிறது என்று அடுத்த பிடியை வெந்நீரில் அலசினார். பூரி மசியவே இல்லை. டாக்டருக்குப் போன் செய்தால், "புல்லு வைக்கறீங்கல்ல?" என்று கேட்டார். வைக்கிறோம் என்றோம். சாதம் வடித்தேன் என்று சொல்கிறவள், அரிசியைக் களைந்தேன் என்றும் சேர்த்தா சொல்வாள்?

கொஞ்சம் கீரையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் குட்டி. ஞாயிற்றுக்கிழமை பத்ரி மனசு விட்டுப்போய்ச் சொன்னார். "கடைக்காரர்ட்ட பேசிட்டேன். மத்த குட்டிகளோட விட்டா, பாத்துப் பழகித் தின்னுமாம். குழந்தை கண் எதிர்ல அதுக்கு ஒண்ணு ஆயிடக் கூடாது அபிதா. திருப்பிக் கொடுத்துடலாம்."

ஸ்ம்ருதி அழவில்லை. அப்பாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அதுதான் அவரை அதிகம் வதைத்தது. நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சமையல் உள்ளில் எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. சாக்குச் சொல்ல ஒரு வெங்காயம்கூட நறுக்கவில்லை.

சாயங்காலம் ஆட்டோ வந்தது. பத்ரி கடைசி பாக்கெட்டைப் பிரித்து, கூடையில் மெத்தென்று கொட்டி, அதன் மேல் பூரியை உட்கார வைத்து மூடினார். ஊரப்பாக்கத்திலிருந்து வண்டலூர் வரை, எங்களோடு ஏறிக்கொண்ட ஸ்ம்ருதி கூடையின் மூடியைத் தடவிக்கொண்டே வந்தாள். பெருங்களத்தூரில், லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பும் பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம்.

அப்போதுதான் அந்தச் சத்தம். கறுக், கறுக், கறுக்.

"வண்டில ஏதோ சத்தம் வரதே" என்றேன்.

டிரைவர் வீராசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் வண்டிலயா? இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டுக் குந்திகினு கீறேன்கா. உன் கூடைலேந்துதான் வருது, பாரு."

மூடியைத் திறந்தேன். பூரியின் வாயிலிருந்து நீளமாக ஒரு புல் நீட்டிக்கொண்டிருந்தது. அது சேமியா மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. முடிந்ததும் அடுத்ததை இழுத்தது. அதற்கடுத்ததையும்.

"ஏன்னா, இந்தப் புல்லை அலம்பினேளா?"

"படுக்கைக்குப் போட்டதுதானே. இதை யார் திங்கப் போறான்னு அப்படியே கொட்டிட்டேன்."

சொன்னவர் சொன்ன வாயை மூடவில்லை. குனிந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். பிறகு என் மூக்கிடம் நீட்டினார். நல்ல வெயில் வாசனை, கொஞ்சம் டீத்தூள் வாசனை. வீட்டுத் தட்டில் இருந்ததில் மஞ்சள் வாசனை மட்டும்தான் இருந்தது.

"இதையா அபிதா நான் அலம்பி அலம்பிக் கொட்டினேன்? குழந்தையப் பட்டினி போட்டிருக்கேனே!" என்றார்.

"அண்ணா, வண்டியைத் திருப்புங்கோ" என்றேன். சொன்னது நான்தான், புழுக்கைக்குச் சண்டை போட்ட அதே நான்.

"இன்னாக்கா, தாம்பரம் போவலியா?"

"போகலை. முயல் சாப்பிட்டுண்டிருக்கு."

வீராசாமி எட்டி ஒரு தடவை கூடைக்குள் பார்த்தார். "சாப்ட்டுகினு கீற கொயந்தைய எங்க இட்டுகினு போறது? நீ சும்மா குந்துக்கா, வூட்டாண்ட வுட்டுர்றேன்" என்று, கிடைத்த முதல் திருப்பத்தில் வண்டியை ஒடித்தார். எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம் அதிகம் போலிருந்தது.

வண்டலூர் வந்தது. மிருகக்காட்சி சாலைப் பக்கமிருந்து நல்ல காற்று அடித்தது. ஸ்ம்ருதி கூடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்ரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. அவள் மெதுவாக நகர்ந்து வந்து அவர் தோளில் சாய்ந்தாள்.

"நீ கெட்ட அப்பா இல்லப்பா" என்றாள். "ரொம்பச் சுத்தமான அப்பா. அவ்ளோதான்."